குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்க முடியுமா?

(மனம், நினைப்பு, பழக்கம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்குச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் வழக்கம்போல முண்டியம்பாக்கத்திலிருந்து.)

எந்த எண்ணமும் இல்லாமல் ஐந்து நிமிஷமாவது இருக்க முடியுமா?
கல்லூரி மாணவி, திண்டிவனம்

இருந்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் முடியாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லி அனுப்பிய வைத்தியரின் கதை உங்கள் பாட்டிக்கே தெரியும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் அதையே பரிசோதனையாகச் செய்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து. ஐந்து நிமிஷம் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே மணி அடித்தது. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. இனி தாராளமாக நினைக்கலாம் என்று விட்டதும், முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

ஆனால் நினைப்பு ஓயும் நேரங்களும் உண்டு. கனவில்லாத தூக்கத்தில் ஓய்கிறது. கை வேலையில் முழுசாக இறங்கிவிட்டால் ஓய்கிறது. நாற்று நடுகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பாத்தி முடிந்தது தெரியாமல் அடுத்த பாத்திக்குப் போயிருப்பார்கள். அங்கே யாரும் எண்ணத்தை விரட்டவில்லை, அது பாட்டுக்கு விலகியிருந்தது. எண்ணமற்ற மனத்தைத் தேடாதீர்கள், அம்மா. எண்ணம் வரும், வரட்டும். அது சொன்னதையெல்லாம் நாம் கேட்டாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எண்ணத்தை வென்றவர் என்று நம் பக்கத்தில் யாரையாவது காட்ட முடியுமா? இமயமலை வேண்டாம்.
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்

நீங்கள் வேலை பார்த்த பிளாட்பாரத்தையே காட்டுகிறேன், ஐயா. 1896 ஆகஸ்ட் 30, விடியற்காலை மூன்று மணி. விழுப்புரம் ஸ்டேஷனில் பதினாறு வயசுப் பையன் ஒருவன் இறங்குகிறான். பெயர் வேங்கடராமன். பிற்காலத்து ரமண மகரிஷி. முந்தின நாள்தான் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு வந்தவன். பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று எண்ணி, இரண்டு ரூபாய் பதிமூன்று அணாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தான். ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் இருக்கிறது என்று சொன்னதால் இங்கே இறங்கினான். சொல்லாமல் போயிருந்தால் அந்த ரயில் நம் முண்டியம்பாக்கத்தையும் தாண்டி அவனைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

கையில் மிச்சம் இரண்டரை அணா. விழுப்புரத்து ஓட்டல்காரர் சோறு போட்டார். இருக்கிறதே இவ்வளவுதான் என்று தெரிந்ததும் காசு வாங்க மறுத்தார். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட்டுக்குப் போதும். அதற்கப்புறம் அரகண்டநல்லூருக்கு நடை. கீழூர்க் கோயிலில் பையனுக்குச் சோறில்லை என்றபோது மேளக்காரர் தன் பங்கைக் கொடுத்தார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு. அங்கே காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. போய்ச் சேர்ந்ததும் தலையை மொட்டையடித்தான், பூணூலைக் கழற்றினான், மிச்சக் காசைக் குளத்தில் எறிந்தான்.

இதைச் சொல்லும்போது எல்லாரும் மலையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு வழியில் வந்த நாலு பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். மௌல்வி, ஓட்டல்காரர், மேளக்காரர், பாகவதர். எல்லாவற்றையும் உதறக் கிளம்பியவனுக்குக்கூட வழி சொல்லவும் சோறு போடவும் ஆள் வேண்டியிருந்தது. தனியாக உட்கார்ந்து தன்னைத் தானே விடுவித்துக்கொள்வது என்பது புத்தகத்தில் மட்டும் நடக்கிற காரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பூணூலைக் கழற்றினார். ஆனால் பின்னாளில் எழுந்த ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று நெடுநாள் பந்தி பிரிந்தே நடந்தது. ஒருவர் விட்டுவிட்டார் என்பதற்காகச் சுற்றியிருப்பவர்களுக்கும் விட்டுப்போய்விடாது. ரமணரை நான் மதிக்கிறேன், அதனாலேயே இதை மறைக்க மனசு வரவில்லை.

ஜே. கிருஷ்ணமூர்த்தி, 'பார்த்தாலே போதும், அந்த நொடியே விடுதலை' என்கிற பொருளில் பேசுகிறாரே, ஏற்கிறீர்களா?
பள்ளி ஆசிரியர், மயிலம்

அவர் பேசியதைவிட அவர் செய்தது எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் பதினாலு வயசுப் பையனைப் பார்த்து, இவனே உலக குரு என்று பிரம்மஞான சபைக்காரர்கள் தீர்மானித்தார்கள். அவருக்காகவே ஓர் அமைப்பு, ஆயிரக்கணக்கில் அடியார்கள், ஹாலந்தில் மாளிகையும் நிலமும். 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஓமன் என்ற ஊரில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முன்னால் அந்த அமைப்பையே கலைத்தார். கொடுத்த சொத்து கொடுத்தவர்களிடமே திரும்பிப் போனது. நமக்குக் கெடுதல் செய்கிற பழக்கத்தை விடுவதற்கே தலையால் தண்ணீர் குடிக்கிறோம். தன்னை அரியாசனத்தில் உட்கார்த்தி வைத்திருக்கும் பழக்கத்தை விடுவது எத்தனை கடினம்! அதன்பின் ஐம்பது வருஷத்துக்கு மேல் பேசினார், 1986 ஜனவரியில் சென்னை வசந்த விஹாரில் பேசிய கடைசிப் பேச்சு வரைக்கும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு, ஏற்கவில்லை. புத்தியில் ஊறியது பார்த்த நொடியில் உதிரலாம். உடம்பில் ஊறியது உதிராது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனின் பயத்தைப் போக்கினார். முயல் நல்லது என்று உபதேசம் செய்யவில்லை. பையன் ஆசையாகச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டான். பயத்துக்கு அன்றும் இன்றும் இதுதான் வைத்தியம். இதற்கு நாள் பிடிக்கும், பக்கத்தில் ஒரு மனுஷரும் வேண்டும்.

யூ.ஜி. கிருஷ்ணமூர்த்தியைப் படித்தேன். வழியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை என்கிறார். அதன்பிறகு எதையும் செய்யவே தோன்றவில்லை.
வங்கி ஊழியர், விக்கிரவாண்டி

அவரே சும்மா இருக்கவில்லையே. இருபத்தொரு வயசில் ரமணரைப் பார்க்கப் போனார். பிரம்மஞான சபைக்காக ஊர் ஊராகப் பேசினார். ஜே.கே.யோடு வருஷக்கணக்கில் வாதாடினார். 2007இல் இத்தாலியில் இறக்கும்வரை, தன்னைத் தேடி வந்தவர்களிடம் 'எதற்கு வந்தாய்' என்று சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். வழி இல்லை என்ற முடிவை அவர் அத்தனை தூரம் நடந்து வாங்கினார். நாம் அதைப் படுத்தபடியே வாங்கிக்கொண்டால் அதன் பெயர் அலுப்பு. எழுந்து ஒரு வேலையைப் பாருங்கள், தம்பி.

அப்பா கரும்பு போட்டார், தாத்தா கரும்பு போட்டார், நானும் போடுகிறேன். இதுவும் பழக்கத்துக்கு அடிமையாவதுதானே?
விவசாயி, முண்டியம்பாக்கம்

இல்லை, அண்ணே. ஊரிலேயே ஆலை நிற்கிறது. மறுதாம்பு விட்டால் விதைச் செலவு மிச்சம். கடன் அந்தப் பயிரின் பேரில் வாங்கியிருக்கிறீர்கள். கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பது உங்கள் மனசின் பலவீனமா? பணக்கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் மனசின் தலையில் கட்டாதீர்கள். வேறு பயிர் போட்டால் விற்க இடமும் கையில் முதலும் இருந்து, அப்போதும் கரும்பைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை என்றால் அன்றைக்கு எழுதுங்கள்.

கடவுளை விட்டுவிட்டவர் எல்லாப் பிடியிலிருந்தும் விடுபட்டவர்தானே?
வாசகர், செஞ்சி

கடவுளை விட்டது ஒரு பிடி. அவர் வீட்டில் காபி டம்ளரைக் கழுவுவது யார், பெண் பார்க்கும்போது சாதி கேட்டாரா இல்லையா, இரண்டையும் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே கட்டடத்தில் தங்கி, ஒரே அண்டாவில் சாப்பிட்டோம். இனி சாதி இல்லை என்று அழுதேவிட்டேன். தண்ணீர் வடிந்தது, எல்லாம் பழையபடி. ஏன்?
வாசகி, மயிலம் வட்டாரம்

2024 டிசம்பர் முதல் தேதிக் கணக்கில் மயிலத்தில் மட்டும் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ஓடியதால் ரயில்களையே நிறுத்தினார்கள். நீங்கள் கண்டதை நான் நம்புகிறேன்.

அதற்கு நூறு வருஷம் முன்னால், 1924 செப்டம்பரில், ரஷ்யாவின் லெனின்கிராடில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. நாய்களுக்குச் சத்தத்தையும் சாப்பாட்டையும் முடிச்சுப் போட்டுப் பழக்கிய பாவ்லோவின் ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கூண்டுகளில் முங்கப் போன நாய்களை ஆட்கள் நீந்த வைத்துக் காப்பாற்றினார்கள். பிழைத்த நாய்களில் சிலவற்றுக்கு வருஷக்கணக்கில் பழக்கியதெல்லாம் மறந்துபோயிருந்தது! ஆனால் நாள் ஆக ஆகப் பழக்கம் திரும்பி வந்தது. பாவ்லோவ் வேறொன்றும் கண்டிருந்தார். சாப்பாடு தராமல் சத்தத்தை மட்டும் கேட்கவைத்து ஒரு பழக்கத்தை அணைத்துவிட்டாலும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே அது தலைதூக்கும். பழசு அழிவதில்லை. மேலே புதிதாக ஒன்று படிகிறது, அவ்வளவுதான். புதிசை அடிக்கடி செய்யாவிட்டால் பழசு மேலே வந்துவிடும்.

அதனால் நீங்கள் அழுதது வீண் அழுகை இல்லை, ஆனால் அது போதவும் இல்லை. அந்த அண்டாவை வருஷம் ஒருமுறையாவது மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது ஏற்றுங்கள். வெள்ளம் வந்துதான் ஏற்ற வேண்டும் என்றில்லை.

மனம் மாறாமல் சட்டம் போட்டு, போலீஸைக் கூட்டி வந்து என்ன பயன்? முதலில் மனம் மாறட்டும் என்பது என் கருத்து.
இளைஞர், வளவனூர்

மேல்பாதியைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் பக்கத்து ஊர். 2023இல் அங்கே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களைத் தாக்கினார்கள். பேச்சுவார்த்தை பலன் தராமல் ஜூன் 7ஆம் தேதி வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் சொல்லிப் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில், பலத்த காவலோடு, தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். ஊரில் மனம் மாறிவிட்டதா? மாறாதவர்கள் பலர் உண்டு. ஆனால் அம்மனைக் கும்பிட்டவர்கள் கும்பிட்டவர்கள்தான்.

'முதலில் மனம் மாறட்டும்' என்று சொல்கிறவர் வழக்கமாக வாசலுக்கு உள்ளே நிற்கிறார், தம்பி. வெளியே நிற்பவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்குக் காத்திருக்க ஆயுசு இல்லை. 1978 ஜூலையில் இதே விழுப்புரம் நகரத்தில் தலித்துகள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். மனமாற்றத்துக்கு அதன்பிறகு எத்தனை வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறோம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

மனசு முந்தி, நடத்தை பிந்தி என்று நாம் எண்ணுகிறோம். பல சமயம் வரிசை தலைகீழ். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் என்று விலக்கி வைக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தபோது மதுரை மனம் மாறிக் காத்திருக்கவில்லை. கடும் எதிர்ப்பு. சட்டப் பாதுகாப்புகூட அதன்பிறகுதான் வந்தது. இன்று அந்தக் கோபுர வாசலில் யாரும் யாரையும் சாதி கேட்டு நிறுத்துவதில்லை. எண்பது வருஷமாகக் கால்கள் நடந்து நடந்து கண்களைப் பழக்கியிருக்கின்றன. எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வரிசையில் நின்று அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளுக்குள் கூச்சம் இருக்கிறதா? இருக்கட்டும், அதற்காக வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், வளர்ப்பு கொடுத்தது அது. கூச்சத்தோடேயே காலனி நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள். பந்தியில் உட்காருங்கள், கடைசிப் பாயசம் வரைக்கும் சாப்பிடுங்கள். கூச்சம் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த எண்ணத்தையும் திணிக்காமல் என் மகளை வளர்க்க ஆசை. ஆரோவில் பக்கத்தில்தான் வீடு. முடியுமா?
இளம் தகப்பனார், வானூர் வட்டம்

'அம்மா' என்று சொல்லிக் கொடுத்தீர்களே, அங்கேயே தொடங்கிவிட்டது. மொழியும் திணிப்பதுதான், உப்பும் காரமும் திணிப்பதுதான். உங்கள் பக்கத்து ஊரையே பாருங்கள். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு, தேசம், மதம் எல்லாம் கடந்து வாழ்வோம் என்று தொடங்கியவர்கள். செம்மண் பொட்டலைக் காடாக்கியது பெரிய சாதனை, கை கூப்புகிறேன். ஆனால் நிலம் யாருக்கு, நிர்வாகம் யாருக்கு என்ற சண்டை அங்கேயும் நீதிமன்றம் வரை போனது. பழசை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் புதிய ஊர் ஒன்று வந்துவிடுகிறது, அதற்கென்று வழக்கங்களும் வந்துவிடுகின்றன.

திணிக்காமல் இருக்க முடியாது. ஆனால் 'ஏன்ப்பா?' என்று அவள் கேட்டால் அடிக்காமல் இருக்க முடியும். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வரும்போது, 'எங்க அப்பா சொன்னார், நான் யோசிக்கவே இல்லம்மா' என்று சொல்லிவிட முடியும். வானூரில் ஒரு வீட்டில் இது நடந்தாலே எனக்குச் சந்தோஷம்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குப் பசிக்கவே பசிக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இருபது வருஷமாக இப்படித்தான். இதை மாற்றணுமா?
இல்லத்தரசி, கோலியனூர்

இந்த இதழின் மிகச் சிறந்த கேள்வி இது. பாவ்லோவின் நாய்க்குச் சத்தம் கேட்டதும் எச்சில் ஊறியது. உங்களுக்குக் கடைசித் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டதும் பசிக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறீர்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் அம்மா கடைசியில் சாப்பிட்டார், மாமியார் கடைசியில் சாப்பிட்டார், முதலில் உட்கார்ந்த மருமகளைப் பற்றி ஊர் பேசியதை நீங்கள் காதால் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பசிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அடிச்சட்டியில் மிஞ்சியதைத் தின்று ரத்தசோகையோடு நடமாடும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

மாற்றணும், அக்கா. சமையல் முடிந்ததும் உங்கள் தட்டையும் போட்டுக்கொண்டு எல்லாரோடும் உட்காருங்கள். பரிமாற வேண்டியதை நடுவில் வைத்துவிட்டால் அவரவர் எடுத்துக்கொள்ளட்டும், கை இருக்கிறது. முதல் வாரம் பசிக்காது, தொண்டையில் இறங்காது, ஏதோ தப்புச் செய்வது போலிருக்கும். 2010இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், புதிய பழக்கம் ஒன்று தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்குப் பதினெட்டே நாள், சிலருக்கு 254 நாள் என்று கணிக்கும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்றும் அதே ஆய்வு கண்டது. தை வரைக்கும் பாருங்கள். பசி நேரத்துக்கு வந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.

போனில் 'டிங்' என்றதும் கை தானாகப் போகிறது. தியானம் உதவுமா?
தனியார் நிறுவன ஊழியர், திண்டிவனம்

உதவலாம். அதற்கு முன்னால் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

பெயர் போட வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. செய்ய மாட்டேன் என்று தெரியும். விரட்ட விரட்ட அதிகமாகிறது. மணிக்கணக்கில் கை கழுவுகிறேன். என் வளர்ப்பு சரியில்லையா? தியானம் செய்தால் போகுமா?
மாணவர், விழுப்புரம் மாவட்டம்

தம்பி, உங்கள் வளர்ப்பில் குறையில்லை, நீங்கள் கெட்டவரும் இல்லை. விரட்ட விரட்ட எண்ணம் பெருகும் என்பதை முதல் கேள்விக்கான பதிலிலேயே பார்த்தீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் இது ஒரு நோயாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். அதுதானா என்று நானோ நீங்களோ தீர்மானிக்கக் கூடாது, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவாக இருந்தால் மாத்திரை உண்டு, கை கழுவாமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கப் பழக்குகிற சிகிச்சையும் உண்டு. இரண்டும் பலருக்கு நல்ல குணம் தருகின்றன. இதற்குத் தத்துவப் புத்தகம் வேண்டாம், சாமியார் வேண்டாம், கறுப்புக் கயிறும் வேண்டாம்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் அம்மாவையோ நண்பனையோ கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரைக்கும் பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.